பேய்களுக்கு ஒதுக்கிய துணி

மைதீன் பீவி சாகக் கூடாத மாதத்தில் செத்துப்போனாள்.

ஐப்பசி மழையில் சளி நெஞ்சில் கட்டி, பத்து நாளாக இழுத்துக்கொண்டிருந்த உயிர், விடிகாலைத் தொழுகைக்கு அழைக்கும் நேரத்தில் நின்றது. மனிதர்கள் பார்வையில் அது இயற்கையான சாவுதான். சர்க்கார் பார்வையில் அப்படி இல்லை. ஜூலை மாதம் அவள் தன் துணி கார்டைக் காட்டி ஒரு சேலை வாங்கியிருந்தாள். அரை வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் துணி என்பது சட்டம். ஆகவே ஜூலையில் சேலை வாங்கியவள் டிசம்பர் முடியும்வரை உயிரோடு இருக்கக் கடமைப்பட்டவள். இந்த விவரம் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பாள் என்று சொல்வதற்கில்லை. அவள் யார் சொல்லையும் கேட்கிறவள் அல்ல.

யுத்தம் முடிந்த வருஷம் அது. ஜப்பான்காரன் கையைத் தூக்கியதற்கு மதுரையில் வெடி போட்டு, பள்ளிக்கூடங்களில் மிட்டாய் கொடுத்து, எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் பழைய கிழிசலையே கட்டிக்கொண்டார்கள். ஆலைச் சங்கு மூன்று வேளையும் ஊதுகிற ஊர். பஞ்சுப் பொதிகள் வண்டி வண்டியாக உள்ளே போகும். நூற்றவர்கள் கோவணத்தோடு வெளியே வருவார்கள்.

செத்தவளின் தம்பி முகைதீன் பிச்சைக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கடை. அவன் அக்காவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். மைதீன் பீவி தன் சாவுக்கென்று பெட்டியில் வைத்திருந்த கபன் துணியை, போன வருஷம் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றுச் செத்த பெண்ணுக்கு எடுத்துக் கொடுத்தாள். "உங்களுக்கு என்னம்மா செய்வீங்க?" என்று மகள் சபியா கேட்டபோது, "எனக்கு என் தம்பி வாங்கித் தருவான்" என்றாள். பிச்சை பக்கத்தில்தான் நின்றான். "தருவேன்க்கா" என்றான். துணி வாங்குவது அவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

பள்ளிவாசலில் ஏழைகளுக்காக வைத்திருந்த துணி புரட்டாசிக் காய்ச்சலிலேயே தீர்ந்துபோயிருந்தது. கள்ளச் சந்தையில் வெள்ளைத் துணி இருந்தது; ஆனால் அந்த விலைக்குச் சாவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். வீட்டிலிருந்த பழந்துணிகளைத் தைத்துத் தைத்து, தையல்தான் மிச்சம்.

"குளிப்பாட்டி வச்சிருவோம்" என்றாள் பெண்களைக் குளிப்பாட்டும் லத்தீபா. "மழை நாளு, தாங்கும். ராத்திரி இஷா தொழுகைக்குள்ள அடக்கிறணும். பொம்பளைக்கு அஞ்சு துண்டு வேணும், நெனப்பிருக்கட்டும்."

பிச்சை அக்காவின் கார்டை எடுத்துக்கொண்டு ஜவுளிக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போனான்.

ஆபீஸ் வாசலில் 'துணியைச் சிக்கனமாகப் பயன்படுத்துவீர்' என்று ஒரு துணியில் எழுதிக் கட்டியிருந்தது. அந்தத் துணி இரண்டு பேருக்கு வேட்டி காணும். உள்ளே கண்ணுச்சாமி என்ற குமாஸ்தா இருந்தார். கார்டை வாங்கிப் பார்த்தார்.

"மைதீன் பீவி யாரு?"

"எங்க அக்காண்ணே. காலையில மௌத்தாயிட்டாங்க. கபன் துணிக்குப் பெர்மிட் வேணும்."

"அவுக வரலையா?"

பிச்சைக்குப் புரியவில்லை. "செத்துப்போனாங்கண்ணே."

"அது சரி பாய். கார்டுதாரர் நேர்ல வரணும்னு இருக்கு. வர முடியலைன்னா, என்ன காரணத்தால வர முடியலைன்னு ஒரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கணும். சரி விடுங்க, நான் பாத்துக்கிறேன். எம்புட்டு வேணும்?"

"அஞ்சு துண்டு வர்ற மாதிரி."

"ஒரு பொணத்துக்கு மூணு துண்டு அளவுதான் சர்க்கார் போட்டிருக்கு."

"அது ஆம்பளைக்குண்ணே. பொம்பளைக்கு அஞ்சு."

கண்ணுச்சாமி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. உதவி செய்யத்தான் நினைத்தார். "அப்ப ஒண்ணு செய்வோம். ஆம்பளைன்னு எழுதிருவோம். மூணோட போயிரும். செத்த பெறகு யாரு வந்து பாக்கப்போறா?"

பிச்சை அதையும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தான். அக்கா எழுந்து வந்து அறைவாள் என்று தோன்றியது. "இல்லண்ணே" என்றான்.

அதற்குள் குமாஸ்தாவின் கண்ணில் ஜூலை மாதத்து முத்திரை பட்டுவிட்டது. "அட, இவுக சேலை வாங்கிட்டாகளே! இனி ஜனவரியிலதான் பாத்தியதை. இது என் கையில இல்ல பாய். பெரியவர்கிட்டப் போங்க."

பெரியவர் என்றால் ஆபீசர். அவர் அறையில் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் இருந்தன. நாற்காலியில் அவர் இருந்தார். "உக்காருங்க" என்றார். பிச்சை நின்றுகொண்டான். நடந்ததைச் சொன்னான். ஆபீசர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பேச ஆரம்பித்தார். அவருக்குப் பேச்சு வரும் என்று ஊரில் பெயர்.

"எல்லாரும் இதை ஒரு துணி ஆபீஸ்னு நினைக்கிறாங்க. இல்லை பாய், இது நீதி ஆபீஸ். எனக்கு ஏழை பணக்காரன் கிடையாது. இந்து முஸ்லிம் கிடையாது. உயிரோட இருக்கிறவன் செத்தவன்கிற பேதம்கூடக் கிடையாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லைன்னு சொல்றதுக்குத்தான் என்னை இங்கே போட்டிருக்காங்க. நான் வந்ததிலேருந்து ஒருத்தராவது, 'அவனுக்குக் கொடுத்தியே, எனக்கு ஏன் கொடுக்கலை'ன்னு வந்து கேட்டதுண்டா? கிடையாது. அதுக்கு எம்புட்டுப் பாடுபடணும் தெரியுமா?"

"சார், யுத்தந்தான் முடிஞ்சிருச்சே…"

"யுத்தம் முடிஞ்சிருச்சு. யுத்த ஏற்பாடு முடியலை."

"எங்க அக்காவுக்கு…"

"ஜனவரியில வாங்க. முதல் ஆளா உங்களுக்குத்தான்."

"ஜனவரி வரைக்கும் அவங்க கெடக்க மாட்டாங்க சார்."

"அது சுகாதார இலாகா" என்றார் ஆபீசர்.

பிச்சை நகரவில்லை. அவனுக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், இன்னும் வரவில்லை. தான் கேட்ட விதத்தில்தான் ஏதோ தப்பு இருக்கிறது, வேறு விதமாகக் கேட்டால் கிடைத்துவிடும் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த ஆபீசுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்த ஆபீஸ் அதில்தான் நடந்துகொண்டிருந்தது.

அப்போது பின்கட்டிலிருந்து நான்கு கூலிகள் இரண்டு பெரிய பேல்களைத் தூக்கிக்கொண்டு அறை வழியாகப் போனார்கள். மூலையில் சாக்கு கிழிந்து உள்ளே துணி தெரிந்தது. மல் துணி. பால் போல வெள்ளை. ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்து, பேல்கள் வாசலைத் தாண்டும்வரை நின்றுகொண்டிருந்தார்.

"சார், அது?"

"அது வேற இனம். வெள்ளைக்காரங்க கிளப்புக்கு."

"அங்கயும் யாராவது மௌத்தா சார்?"

ஆபீசர் கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்வது அவருக்குப் பிடிக்காது. "ஒரு விதத்துல ஆமாம்" என்றார். "பேய்களுக்கு."

வாசலில் மாட்டுவண்டியில் பேலை ஏற்றிக்கொண்டு நின்றவன் கிளப்பு பட்லர் சோலை. பிச்சையின் கடையில் தினமும் காய் வாங்குகிறவன். முந்தின நாள்தான் மஞ்சள் பூசணிக்காயாகப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு வண்டி வாங்கிப் போயிருந்தான்.

"அதுக்கெல்லாம் கண்ணு மூக்கு வெட்டி, உள்ளாற விளக்கு வச்சாச்சு பாய்" என்றான் சோலை. "ஹாலோவீனாம். துரைமாரு ஊருல இன்னைக்கு ராத்திரி செத்தவுகல்லாம் எந்திரிச்சு ஊருக்குள்ள வருவாகளாம். இவுகளும் பேய் வேசம் போட்டுக்கிட்டா, வந்த பேய் அட நம்மாளுதான்னு நெனச்சுப் போயிருமாம்."

"துரைமாருக்கும் பயமிருக்கா?"

"குடிக்கிறதுக்கு முன்னாடி இருக்கும்போல. யுத்தத்துல விளக்கு ஏத்தக் கூடாதுன்னுட்டாகல்ல, அஞ்சாறு வருசமா இது நடக்கல. அந்தப் பாக்கிக்கும் சேத்து இந்த வருசம்." சோலை அப்போதுதான் பிச்சையின் முகத்தைப் பார்த்தான். "என்ன பாய்?"

பிச்சை சொன்னான். சோலை வண்டி மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டான். சிரித்துப் பேசியதற்கு வெட்கப்பட்டவன்போல இருந்தது.

"சாயங்காலம் விளக்கு வச்சதும் பின்வாசலுக்கு வாங்க. வெட்டுனது போக மிச்சம் கெடக்கும். நான் எடுத்து வைக்கிறேன்."

பிச்சை வீட்டுக்குப் போனான். அக்காவைக் குளிப்பாட்டி, லத்தீபாவின் சொந்தச் சேலை ஒன்றால் மூடி வைத்திருந்தார்கள். லத்தீபா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மாற்றுச் சேலை இல்லாததால் ஒரு ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "கெடச்சுதா?" என்று யாரும் கேட்கவில்லை. வெறுங்கையைப் பார்த்துக் கொண்டார்கள். அவனும் மழையைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான்.

விளக்கு வைத்ததும் பாலத்தைக் கடந்து கிளப்புக்குப் போனான். மழை விட்டிருந்தது. கிளப்பின் மதிலுக்குள்ளே இருந்த வேப்பமரங்களுக்கெல்லாம் தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். மரத்துக்கு ஒரு போலீஸ்காரர் நின்றார். துணி கட்டுப்பாட்டுக்குட்பட்ட சரக்கு. காவல் இல்லாமல் வெளியில் வைக்க முடியாது.

சோலை பின்வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். "மிச்சத்தையெல்லாம் மரத்துக்குச் சுத்தச் சொல்லிட்டாக பாய். மரம் மொட்டையா நிக்கிறது அசிங்கமா இருக்காம்."

"அந்த ஆபீசர் உள்ள இருக்காரா?"

"இருக்காரு. நம்மாளுகள்ல அவருக்கு மட்டுந்தான் அழைப்பு. ஆனா எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

உள்ளே போனதும் பிச்சைக்கு அது விளங்கியது. பெரிய கூடம் நிறையப் பேய்கள். தலைவழியே தரைவரை வெள்ளைப் போர்வை, பார்ப்பதற்குக் கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. ஒவ்வொரு போர்வைக்குள்ளும் ஒரு கிளாஸ் போய் வந்துகொண்டிருந்தது. எந்தப் பேயிடம் மனுக் கொடுப்பது என்று தெரியாமல் அவன் ஒவ்வொன்றின் முன்னாலும் போய்க் கும்பிட்டு, "சார்?" என்றான். இரண்டு பேய்கள் ஊளையிட்டன. ஒரு பேய் அவன் தொப்பியைத் தட்டிவிட்டது. கடைசியாகக் குள்ளமான ஒரு பேய், "இங்கே எப்படி வந்தே?" என்று தமிழில் கேட்டது.

"சார், நேரமாகுது. இஷாவுக்குள்ள அடக்கணும். ஒரு மரத்துத் துணி போதும் சார்."

"மெதுவாப் பேசு" என்றார் ஆபீசர், ஓட்டை வழியாக அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு. "சந்தோஷமா நாலு பேய் கூடியிருக்கிற இடத்துல வந்து சாவைப் பத்திப் பேசலாமா? அபசகுனமா நினைக்க மாட்டாங்க?"

அதற்குள் உயரமான ஒரு பேய் அருகே வந்தது. கிளப்பின் செக்ரட்டரி துரை. இந்த ஆள் யார் என்று கேட்டார் போலிருக்கிறது. ஆபீசர் ஏதோ சொன்னார். துரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிச்சையின் தோளில் கை வைத்துக்கொண்டு கூடம் முழுவதற்கும் கேட்கும்படி பேசினார். ஆபீசர் பக்கத்தில் நின்று தமிழ்ப்படுத்தினார்.

"இன்னிக்கு ராத்திரி செத்தவங்களுக்கு மரியாதை செய்யற ராத்திரி. செத்தவங்களை மதிக்கத் தெரியாத ஜனங்க முன்னுக்கு வர முடியாது. உங்க தேசத்துல ஒருத்தன் செத்தா அன்னிக்கே புதைச்சிடறீங்க, எரிச்சிடறீங்க, என்ன அவசரமோ தெரியலை. நாங்க அப்படி இல்லை. வருஷா வருஷம் செலவு பார்க்காம அவங்களைக் கௌரவிக்கிறோம். இதை இந்த ஊர்க்காரங்களும் கத்துக்கணும்ங்கிறது துரையோட ஆசை."

"அப்ப எங்க அக்காவுக்கு ஒரு அஞ்சு துண்டு துணி தரச் சொல்லுங்க சார். வீட்டுல கெடக்காங்க."

ஆபீசர் அதை இங்கிலீஷில் சொன்னார். பிச்சை சொன்னதைவிட அது சின்னதாக இருந்தது. துரை மிகவும் மகிழ்ந்துபோனார் என்பதிலிருந்து அதற்குள் அக்கா இல்லை என்று பிச்சைக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சார் சொன்னீங்க?"

"உனக்கு ரொம்பச் சந்தோஷம்னு சொன்னேன். நீயும் விளையாட்டுல கலந்துக்கணுமாம். ஜெயிச்சா பிரைஸ் உண்டு."

"துணியா?"

"பிரைஸ்னு சொல்லிட்டாரே. அப்புறம் என்ன?"

கூடத்தின் நடுவில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர். அதில் ஆப்பிள்கள் மிதந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டியிட்டு, வாயால் ஒன்றைக் கவ்வி எடுக்க வேண்டும். அதற்கு முன் பல துரைமார்கள் கவ்விய தண்ணீர். மேலே சாராய வாடை அடித்தது.

பிச்சை அண்டாவைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து வர வேண்டிய கோபம் முழுவதும் வந்தது. அதை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதைக் கணக்குப் பார்த்தான். அண்டாவைக் கவிழ்க்கலாம். ஆபீசரின் போர்வையைப் பிடித்து இழுக்கலாம். இரண்டுக்கும் லாக்கப்புத்தான், துணி இல்லை. சபியா வாசலில் நிற்பாள். அவன் தொப்பியை மடித்து மடியில் செருகிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, மண்டியிட்டான்.

ஆப்பிள் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூக்கில் தண்ணீர் ஏறியது. சுற்றிலும் பேய்கள் தரையைத் தட்டிக்கொண்டு கத்தின. அவன் தாடி நனைந்து, சட்டை நனைந்து, மூச்சு முட்டி, அண்டாவின் அடிவரை தலையை அழுத்தி ஒன்றைப் பல்லால் மடக்கினான். நிமிர்ந்தபோது கைதட்டல் எழுந்தது. துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாயில் ஆப்பிள் இருந்ததால் அவனால் எதுவும் கேட்க முடியவில்லை. எடுத்துவிட்டுக் கேட்டான்.

"பிரைஸ் சார்?"

"கையில வச்சிருக்கியே" என்றார் ஆபீசர். "சீமை ஆப்பிள். இந்த ஊர்ல யாருக்குக் கிடைக்கும்?"

பேண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். பேய்கள் ஜோடி சேர்ந்துகொண்டு ஆடப் போயின.

பிச்சை சமையல்கட்டு வழியாக வெளியே வந்தான். ஆப்பிளை எங்கே போட்டான் என்று அவனுக்கே தெரியாது. பின்வாசலில் சோலை ஒரு மூட்டையோடு நின்றான்.

"புடிங்க பாய். புழுக்கம் தாங்காம ஆட்டத்துக்கு முன்னாடி கழட்டிப் போட்டுட்டாக. காலையில இதை வச்சுத் தரையைத் தொடைக்கணுமாம். அஞ்சு எடுத்திருக்கேன்."

"உங்களைக் கேட்டா?"

"பேய் தூக்கிட்டுப் போயிருச்சும்பேன். இன்னைக்கு ஒரு ராத்திரிதான் அதை நம்புவாக. நில்லாதீங்க, போங்க."

வீட்டில் துணியைச் சுடுநீரில் அலசிப் பிழிந்தார்கள். வாடை போயிற்று. லத்தீபா முதல் துணியை விரித்தாள். சபியா விளக்கைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துணியின் ஒரு முனைக்குக் கிட்டத்தில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை, எலுமிச்சம்பழம் போகிற அளவு. அடுத்ததிலும் இருந்தது. ஐந்திலும் இருந்தது.

"தைச்சிரலாமா?" என்றாள் சபியா.

"கபன்ல ஊசி படக் கூடாதும்மா" என்றாள் லத்தீபா. வாசலுக்குப் போய், தொழவைக்க வந்திருந்த பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டு வந்தாள். கிடைத்ததைச் சுத்தமாகப் போர்த்தினால் போதும், ஓட்டையால் குற்றமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் எங்கே வாங்கியது என்று அவர் கேட்கிறாராம்.

"ஜெயிச்சதுன்னு சொல்லுங்க" என்றான் பிச்சை.

முதல் நான்கு துணிகளையும் ஒன்றின் ஓட்டை இன்னொன்றின் மேல் வராமல் மாற்றி மாற்றிப் போர்த்தினார்கள். அக்கா முழுதும் மூடிவிட்டாள். ஐந்தாவதுதான் எல்லாவற்றுக்கும் மேலே வருகிற துணி. அதை மூட வேறு துணி இல்லை.

"ஓட்டையைக் கால்மாட்டுப் பக்கம் கொண்டுபோயிரலாம் மாமா. யாருக்கும் தெரியாது" என்றாள் சபியா.

பிச்சை குனிந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தான். வெளியே ஆட்கள் தோள் கொடுக்கக் காத்திருந்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"வேணாம். தலைமாட்டுக்கு வரட்டும்."

"கண்ணுக்கு நேரா வரும் மாமா."

"வரட்டும்" என்றான் பிச்சை. "அல்லா கேட்டா, ஊருல என்ன நடக்குதுன்னு சொல்லணும்ல. பாத்துக்கிட்டே போகட்டும்."

சபியா துணியைத் திருப்பிப் போட்டாள்.